சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள், சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 10.50

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே படிக்க மட்டும் செய்கிறவள், இன்றைக்குத்தான் எழுதுகிறேன், தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூர்தான் ஊர். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். தாத்தா காலத்திலிருந்தே லுத்தரன் சபை. அடுத்த ஞாயிறு எங்கள் மாதர் சங்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் சாட்சி, அதாவது கர்த்தர் என் வாழ்க்கையில் செய்ததை, சொல்ல வேண்டுமாம். கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது செயலாளர் அக்கா கேட்டார்கள், நானும் சரி என்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்கு வந்தபிறகுதான் வயிற்றைக் கலக்குகிறது.

போன மாதம் சாட்சி சொன்னவருக்குக் கட்டி கரைந்துபோயிருந்தது. அதற்கு முந்தின மாதம் சொன்னவரின் மகனுக்குக் கனடா விசா கிடைத்திருந்தது. என் வீட்டு நிலவரம் இது: அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று வருடம் ஆகிறது. வலது கை விழுந்தது விழுந்ததுதான். கால் கொஞ்சம் தேறி, வாக்கர் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போவார். பேச்சு போயே போய்விட்டது. ஆமாம் என்று நினைத்து இல்லை என்பார், இல்லை என்று நினைத்து ஆமாம் என்பார், அப்புறம் அவருக்கே கோபம் வந்து தட்டைத் தள்ளிவிடுவார். ஜெபிக்காத நாள் கிடையாது. சபைப் போதகர் ஐயர் வந்து தலையில் கை வைத்து ஜெபித்தார், சித்தி முழு இரவு ஜெபத்துக்கு எழுதிக்கொடுத்தார், ஒன்றும் மாறவில்லை.

இதை மைக்கில் சொல்லி ‘ஆகையால் சந்தோஷமாக இருக்கிறேன்’ என்று எப்படி முடிப்பது? சாட்சி என்றால் கடைசியில் ஒரு அல்லேலூயா வேண்டாமா? வேறு யாரையாவது கூப்பிடுங்கள் என்று சொல்லிவிடலாமா?

சாட்சியில் சேராத ஒரு விஷயமும் இருக்கிறது. அப்பா முப்பது வருடம் பாடகர் குழுவில் பேஸ் (கீழ்க்குரல்) பாடினவர். ராத்திரி படுக்க வைக்கும்போது நான் பழைய கீர்த்தனை ஏதாவது முணுமுணுத்தால் கூடவே பாடுகிறார், வார்த்தையோடு. தண்ணீர் கேட்க வாய் வராத மனுஷன் ஒரு சரணம் முழுக்கப் பாடுகிறார். பாட்டு முடிந்தால் மறுபடியும் பேச்சு இல்லை.

ஜெபவீரன்_கடலூர்
செவ்வாய், இரவு 11.05

பிரைஸ் தி லார்ட் சிஸ்டர்!! சாட்சி இல்லை என்று எழுதிவிட்டு கடைசிப் பாராவில் இவ்வளவு பெரிய சாட்சியை ஒளித்து வைத்திருக்கிறீர்களே! ‘ஊமையன் நாவும் கெம்பீரிக்கும்’, ஏசாயா 35. டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் நாவைத் திறந்தார், இப்படி ஆரம்பியுங்கள். அப்பாவையே கூட்டிக்கொண்டு போய் மைக்கில் பாட வையுங்கள், சபையே எழுந்து நிற்கும். வீடியோ எடுத்தால் இங்கே போடுங்கள், பத்து குழுவில் பகிர்கிறேன்.

கெடிலக்கரை
செவ்வாய், இரவு 11.20

டாக்டர் யாரும் கைவிடவில்லை பிரதர். நேரம் ஆகும், பயிற்சியை விடாதீர்கள் என்றுதான் சொன்னார்கள். ஆட்டோவுக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் நாங்கள்தான் நிறுத்தினோம்.

இயன்முறை_புதுவை
புதன், காலை 6.15

புதுச்சேரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். நானும் விசுவாசிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு யாராவது எனக்காக உபவாசம் இருந்துவிடுவீர்கள்.

பேச்சை நடத்துவது பெரும்பாலானவர்களுக்கு மூளையின் இடது பாதி. உடம்பின் வலது பக்கத்தை நடத்துவதும் அதே இடது பாதிதான். அதனால்தான் வலது கை விழுந்தவர்களுக்குப் பல சமயம் பேச்சும் சேர்ந்து போகிறது. ராகத்தில் வலது பாதிக்கும் பெரிய பங்கு உண்டு, உங்கள் அப்பாவுக்கு அந்தப் பக்கம் தப்பித்திருக்கிறது போல. அதோடு சின்ன வயதிலிருந்து ஆயிரம் தடவை பாடின வரி யோசிக்காமலே வாயில் வரும். இந்த மாதிரி நோயாளிகள் நிறையப் பேர் பாடுவார்கள், ஒன்று இரண்டு மூன்று எண்ணுவார்கள், பரமண்டல ஜெபம் சொல்வார்கள், நன்றாகத் திட்டவும் திட்டுவார்கள். கோயிலுக்கு ஒரு நாள்கூடத் தவறாத பெரியவர் ஒருவர் வாயிலிருந்து வந்ததை நான் கேட்டிருக்கிறேன், வேண்டாம், விடுங்கள்.

அதனால் அக்கா, நாவு திறந்த அற்புதம் என்று மைக்கில் சொல்லாதீர்கள். ஏன் என்றால் அந்தக் கூட்டத்தில் இன்னொரு பக்கவாதக்காரரின் மனைவி கண்டிப்பாக உட்கார்ந்திருப்பார். அவர் வீட்டுக்குப் போய்ப் புருஷனைப் பாடச் சொல்லிப் பார்ப்பார். அவர் பாடவில்லை என்றால் அந்த ராத்திரி அந்த அம்மா யாரைக் குற்றம் சொல்வார்? பெரும்பாலும் தன்னைத்தான்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்தப் பாட்டையே பயிற்சியாக ஆக்கலாம். ராகம் போட்டுப் பேசப் பழக்குகிற ஒரு முறை 1970களிலிருந்தே அமெரிக்காவில் இருக்கிறது. அப்பாவின் இடது கையை நீங்கள் பிடித்துக்கொண்டு அவர் தொடையில் ஒவ்வொரு அசைக்கும் ஒரு தட்டு. தண்-ணி வே-ணும். இரண்டு சுரம் போதும், மேலே ஒன்று, கீழே ஒன்று. முதலில் நீங்கள் மட்டும் முணுமுணுங்கள், அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து, அப்புறம் பாதியில் நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள், மீதியை அவர் முடிக்கட்டும். காலையில் கால் மணி நேரம், சாயங்காலம் கால் மணி நேரம். மூன்று வருடம் ஆனபிறகு பெரிய வாக்குத்தத்தம் எல்லாம் நான் தர மாட்டேன், எல்லோருக்கும் பலிப்பதும் இல்லை. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் ஒருவரை ஒரு தடவையாவது நேரில் பாருங்கள்.

ஜெபவீரன்_கடலூர்
புதன், காலை 7.02

எல்லாம் மூளையின் வேலை என்றால் தேவனுக்கு மகிமை எங்கே இருக்கிறது? நாத்திகனும் இதைத்தானே சொல்கிறான். விசுவாசி பேசுகிற பேச்சா இது?

முந்திரித்தோப்பு
புதன், காலை 11.40

தம்பி ஜெபவீரா, நான் பண்ருட்டிப் பக்கம் முந்திரி வைத்திருக்கிறவன். மழை எப்படிப் பெய்கிறது என்று என் பேத்தி பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து எனக்குப் படம் போட்டுக் காட்டினாள், கடல், ஆவி, மேகம், அம்புக்குறி. அதற்காக அறுப்பின் பண்டிகைக்கு நாங்கள் பூசணிக்காயும் வாழைத்தாரும் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்திவிட்டோமா? காரணம் தெரிந்துவிட்டால் நன்றி சொல்லக்கூடாது என்று எந்த அதிகாரத்தில் இருக்கிறது?

தங்கச்சி கெடிலக்கரைக்கு ஒரு கதை சொல்கிறேன், கொஞ்சம் நீளம்.

2011 டிசம்பர் 30, விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது, நம் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எனக்கு மூன்று ஏக்கர், எங்கள் அப்பா வைத்த மரங்கள். காற்று அடங்கினதும் போய்ப் பார்த்தேன். தோப்புக்குள் நின்றால் வானம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தோப்பில் நின்று வானத்தைப் பார்த்ததே இல்லை, அவ்வளவு அடர்த்தி. அன்றைக்கு உச்சியில் வெயில் அடிக்கிறது. மரம் எல்லாம் வேரோடு சாய்ந்து, வேரில் செம்மண் இன்னும் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ராத்திரி வருடக் கடைசி ஆராதனை. கரண்ட் இல்லை, கோயில் ஓட்டில் பாதி பறந்துபோயிருந்தது, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நடந்தது. வழக்கம்போல புது வருடத்துக்கு ஆளுக்கு ஒரு வசனம் எழுதின வாக்குத்தத்த அட்டை எடுத்தோம். எனக்கு வந்தது என்ன தெரியுமா? ‘நீதிமான் பனையைப்போல் செழித்து.’ பக்கத்திலிருந்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். எங்கள் கொல்லையில் சாயாமல் நின்றதே வரப்போரத்துப் பனை நாலுதான். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள், எனக்கும் தொற்றிக்கொண்டது. சுற்றிலும் எல்லோரும் அழுகிறார்கள், நாங்கள் இரண்டு பேர் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறோம், ஐயர் முறைத்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. நான் கொண்டுவந்தது இல்லை என்று மட்டும் தெரியும். நான் கொண்டுபோனது பூச்சி மருந்துக் கடைக் கடன் சீட்டு, சட்டைப் பையில்.

அப்புறம் ஏழெட்டு வருடம் கஷ்டம்தான். ஒட்டுக்கன்று மூன்றாம் வருடமே பூத்துவிடும், ஆனால் குடும்பம் நடத்துகிற அளவுக்குக் காசு பார்க்க அதுக்கும் மேலே அதே அளவு காலம் ஆகிறது. மகள் நகை அடகுக்குப் போயிற்று, மகன் திருப்பூருக்குப் போனான். ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தில் அத்திமரம் துளிர்விடாமல் போனாலும் என்று வருகிற இடத்தை நான் முந்திரி பூக்காமல் போனாலும், பலா காய்க்காமல் போனாலும் என்று மாற்றித்தான் படிப்பேன், கர்த்தர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்த அதிகாரத்தைக் கடைசி வரை பாருங்கள், அத்தி திரும்பத் துளிர்த்தது என்று எங்கேயும் இல்லை. தீர்க்கதரிசி பாட்டை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்.

எங்கள் சபையில் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டது 2019இல், மரம் காய்த்த பிறகு. எல்லோரும் கை தட்டினார்கள். 2012இல் யாரும் கூப்பிடவில்லை. அந்த வருடம் கூப்பிட்டிருந்தால் இன்னும் நல்ல சாட்சியாகச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் ஒரு வருத்தம் உண்டு. உன்னை 2012இலேயே கூப்பிட்டிருக்கிறார்கள் அம்மா, போய்ச் சொல்லு.

ஓய்வு_வாத்தியார்
புதன், பிற்பகல் 3.30

முந்திரித்தோப்பு ஐயா சொன்னதோடு நம் ஊர்ச் சரித்திரம் கொஞ்சம். (வாத்தியார் புத்தி, விடாது.)

1740இல் இந்தக் கரைக்கு இரண்டு மிஷனரிகள் வந்தார்கள். ஒருவர் கீர்நாந்தர், கடலூரிலேயே பல வருடம் ஊழியம். 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிடித்ததும் இங்கே செய்ததையெல்லாம் விட்டுவிட்டுக் கல்கத்தாவுக்குப் போனார். அங்கே தன் பணத்தைப் போட்டுக் கோயில் கட்டினார். வயதான காலத்தில் திவாலாகி, அந்தக் கோயிலையே கடனிலிருந்து வேறொருவர் பணம் கட்டி மீட்க வேண்டியதாயிற்று. இன்னொருவர் பப்ரிஷியஸ். 1761இல் ஆங்கிலேயர்கள் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சு அச்சு இயந்திரத்தைச் சென்னை வேப்பேரிக்குக் கொண்டுபோய் இவர் பொறுப்பில் வைத்தார்கள். இவருடைய தமிழ் அகராதி 1779இல் அங்கேதான் அச்சானது. நாம் ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிற வேதாகமத் தமிழில் இவர் கைபட்ட வாக்கியங்கள் இன்னும் இருக்கின்றன. அந்த மனிதர் கடன் விவகாரத்தில் மாட்டி வயதான காலத்தில் சிறையில் கிடந்தார். 1791இல் இறந்துபோனார்.

இந்த இரண்டு பேரையும் எந்த மாதர் சங்கம் சாட்சிக்குக் கூப்பிடும் என்று நினைக்கிறீர்கள்?

யோவான் 9இல் பிறவிக்குருடனைப் படித்துப் பாருங்கள். விசாரணை பண்ணுகிறார்கள். கேட்கிற கேள்விக்கு அவன் இரண்டு தடவை தெரியாது என்கிறான். தெரிந்தது ஒன்றை மட்டும் சொல்கிறான், குருடனாயிருந்தேன், இப்பொழுது காண்கிறேன். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால்தான் தெரிந்ததைச் சொன்னபோது அவர்களால் மறுக்க முடியவில்லை என்பது என் கருத்து.

மிஷன்வீதி
புதன், இரவு 9.10

நான் கத்தோலிக்கப் பெண், புதுச்சேரி, சம்பா கோயில் பக்கம். எங்களிடம் பூசையில் எழுந்து சாட்சி சொல்கிற வழக்கம் இல்லை, நன்றி சொல்ல வேண்டும் என்றால் வில்லியனூர் மாதாவிடம் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, குளத்துப் படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவோம். அதனால் சாட்சியைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. சந்தோஷத்தைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காக எழுதுகிறேன்.

2021 மே மாதம் கொரோனாவில் என் வீட்டுக்காரர் போய்விட்டார். நாற்பத்தாறு வயது. இரண்டு மாதம் கழித்து ஒரு ஜெபக்கூட்டத்துக்குத் தோழி கூட்டிக்கொண்டு போனாள், எது என்று சொல்ல மாட்டேன். நான் அழுததைப் பார்த்துவிட்டு நடத்துகிறவர் ‘கண்ணீர் விசுவாசக் குறைவு, ஆண்டவரில் மகிழ்வாக இருங்கள்’ என்றார். எழுந்து வந்துவிட்டேன். ‘ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள்’ என்று பவுல் எழுதியது சிறையிலிருந்து. அதே ஆள் தன் கூட இருந்த துரோப்பீமு என்பவரை நோயாளியாகவே மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாகவும் எழுதியிருக்கிறார், குணமாக்கினேன் என்று எழுதவில்லை. இதையெல்லாம் பிறகுதான் தேடிப் படித்தேன், அன்றைக்குத் தெரிந்திருந்தால் திருப்பிக் கேட்டிருப்பேன்.

அவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. அவர் போனபிறகு எட்டு மாதம் வீட்டில் மீன் வாங்கவில்லை. மீன்கார அம்மா தெருவில் போகும்போது நான் உள்ளே போய்விடுவேன். ஒரு நாள் அவர் நேராக வாசலுக்கு வந்து, கூடையை இறக்கி, நாலு சங்கரா மீனை எடுத்து என் பாத்திரத்தில் போட்டுவிட்டு, காசு அப்புறம் கொடு கண்ணு என்று நடந்துவிட்டார். பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் புளி கரைத்தேன். குழம்பு கொதிக்கும்போது உப்புப் பார்க்கக் கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினேன். நன்றாக இருந்தது. எட்டு மாதமாக எதுவும் ருசியாக இருக்கிறதா இல்லையா என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது. அடுப்படியில் நின்று அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னேன். சந்தோஷம் என்றால் எனக்கு அந்த ஒரு சொட்டுக் குழம்புதான் நினைவுக்கு வரும். அழுகை நின்ற பிறகு வந்தது இல்லை அது, அழுகையோடு சேர்ந்தே வந்தது.

ரெயின்போநகர்_வாசி
வியாழன், காலை 8.25

நான் கிறிஸ்தவன் இல்லை, வேறு எதையோ தேடி இங்கே வந்து மாட்டிக்கொண்டேன், இரண்டு வார்த்தை சொல்லலாமா?

என் அலுவலகத்தில் ஒருவர் தினமும் காலை ஐந்து மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்புவார், ரோஜாப்பூ படத்தோடு. இரண்டு வருடமாக அனுப்புகிறார். போன வருடம் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்து நான் பத்து நாள் விடுப்பில் இருந்தேன். அம்மா எப்படி என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வசனம் மட்டும் வந்துகொண்டே இருந்தது.

இன்னொருவர் எங்கள் மாடியில் இருக்கிற டீச்சர் அம்மா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையேறி, விடிந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியிருந்தது. எங்கள் நகர் சும்மா தூறினாலே மிதக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் பதினொரு பேரும் அவர் வீட்டில்தான் இருந்தோம். உப்புமா கிண்டிப் போட்டுக்கொண்டே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போக வழியில்லை. சாயங்காலம் நாங்கள் பாடினால் உங்களுக்கு இடைஞ்சலாக இருக்குமா என்று எங்களிடம் கேட்டுவிட்டு, வெளிச்சத்துக்கு ஏற்றின மெழுகுவர்த்திகளுக்குத் தள்ளி மூலையில் தனியாக ஒன்றை ஏற்றி, அவர் வீட்டு மூன்று பேரும் மெதுவாகப் பாடினார்கள். அந்த ஒன்று மட்டும் எதற்கு என்று என் பையன்தான் கேட்டான். கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாலு ஞாயிறு ஒவ்வொன்றாக ஏற்றுவோம், இன்றைக்கு முதல் ஞாயிறு, காத்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம் என்றார். அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. பையன் அடுத்த வாரம் தானே மாடிக்குப் போய், இரண்டாவது ஏற்றியாச்சா என்று பார்த்துவிட்டு வந்தான்.

ஓய்வு_வாத்தியார்
வியாழன், காலை 9.00

நல்வரவு ஐயா. பேதுரு எழுதினதும் ‘விசாரித்துக் கேட்கிற யாவருக்கும்’ பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான், அதுவும் சாந்தத்தோடு. கேட்கிற மாதிரி வாழ்ந்தால்தானே யாராவது கேட்பார்கள். ஐந்து மணி ரோஜாப்பூவைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

ஜெபவீரன்_கடலூர்
வியாழன், இரவு 11.48

ஷிப்ட் முடிந்து வந்து எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். அந்த ஐந்து மணி ஆள் நான் இல்லை என்று நினைக்கிறேன், நான் ஐந்தரைக்கு அனுப்புகிறவன். 

ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். நாலு வருடம் முன்னால் சிப்காட் சாலையில் பைக்கில் விழுந்தேன். தோள்பட்டை இறங்கியது, நிஜம். லாரி என்னைத் தாண்டி நின்றது, அதுவும் நிஜம். முதல் தடவை வாலிபர் கூட்டத்தில் அப்படியேதான் சொன்னேன். இரண்டாவது சபையில் சொல்லும்போது நினைவு தப்பியது. மூன்றாவது இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது. பொய் சொல்லணும் என்று நினைத்து சொல்லவில்லை, கூட்டம் ‘ஆமென்’ சொல்லச் சொல்ல அது தானாக வளர்ந்தது. அந்தக் கூட்டத்தில் என்னோடு விழுந்த நண்பனும் உட்கார்ந்திருந்தான். அதற்கப்புறம் அவன் சபைக்கு வருவதில்லை. காரணம் அதுதானா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சிஸ்டர், நான் சொன்னபடி ஆரம்பிக்காதீர்கள். பிசியோ அண்ணன் என்னை மன்னிக்கவும்.

இயன்முறை_புதுவை
வெள்ளி, காலை 6.20

மன்னிக்க ஒன்றும் இல்லை தம்பி. இன்னும் ஒரு போன் செய்ய வேண்டியிருக்கிறது உனக்கு, எனக்கு இல்லை. இப்போது தோள் எப்படி இருக்கிறது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறதா?

கெடிலக்கரை
சனி, இரவு 10.05

மண்டி பூட்டிவிட்டு வரும்போது பேருந்தில் எழுதினேன். இதுதான் சொல்லப் போகிறேன், பாருங்கள்.

‘என் அப்பாவை உங்களுக்கெல்லாம் தெரியும். மூன்று வருடமாகப் பேச்சு இல்லை. குணமாக வேண்டும் என்று ஜெபித்தோம், இன்னும் ஆகவில்லை, இன்னும் ஜெபிக்கிறோம். முதல் வருடம் நான் கர்த்தர்மேல் கோபமாக இருந்தேன், கோயிலில் பாடும்போது வாயை மட்டும் அசைத்தேன். ஒரு ராத்திரி அப்பாவுக்குப் போர்வை போர்த்தும்போது தூக்கக் கலக்கத்தில் பழக்க தோஷத்தில் ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தேன். இருட்டில் கீழே இருந்து பேஸ் குரல் வந்தது. பேச முடியாதவர்களும் பாடுவது உண்டு, மூளை அப்படித்தான் வேலை செய்கிறது என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னார். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் குறையவில்லை. அன்றைக்கு நானும் நிஜமாகப் பாட ஆரம்பித்தேன். தினமும் ராத்திரி ஒன்பதரைக்கு எங்கள் வீட்டில் இரண்டு குரல் பாட்டு நடக்கிறது. இவ்வளவுதான் என் சாட்சி.’

அல்லேலூயா வைக்கவில்லை. வைக்கணுமா?

முந்திரித்தோப்பு
சனி, இரவு 10.30

வேண்டாம் அம்மா. அதை அவர்கள் சொல்லட்டும், நாம் ஏன் எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

மிஷன்வீதி
சனி, இரவு 10.41

வாயை மட்டும் அசைத்தேன் என்பதை எடுத்துவிடாதீர்கள். பயந்து கடைசி நிமிடத்தில் எடுத்துவிடுவீர்கள், எனக்குத் தெரியும்.

கெடிலக்கரை
அடுத்த செவ்வாய், இரவு 10.15

சொல்லிவிட்டேன். மைக் கீச்சென்று கத்தி ஆரம்பத்திலேயே எல்லோரும் காதைப் பொத்தினார்கள். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. வாயை அசைத்ததையும் சொன்னேன் அக்கா. முடித்ததும் ஒரே அமைதி, யாரும் கை தட்டவில்லை, செயலாளர் அக்கா ‘ம், சரி, அடுத்து காணிக்கைப் பாட்டு’ என்றார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

டீ கொடுக்கும்போது ஒரு அம்மா பக்கத்தில் வந்து நின்றார், ஓ.டி. (கடலூர் பழைய நகரம்) பக்கத்திலிருந்து புதிதாக வருகிறவர். அவர் வீட்டுக்காரருக்கும் வலது பக்கம்தான், ஒரு வருடம். ‘எங்க வீட்ல அவரு பாடறவரு இல்லம்மா, கோயிலுக்கே வர மாட்டாரு, பரவாயில்லையா?’ என்று கேட்டார். பிசியோ அண்ணா, நீங்கள் சொன்ன அதே அம்மா. என்ன சொல்வது என்று தெரியாமல் அவர் என்ன பண்ணுவார் என்று கேட்டேன், முன்னால் படகு வைத்திருந்தாராம், வலை இழுக்கும்போது எல்லோரும் சேர்ந்து ஏலேலோ போடுவார்களாம். அதையே போட்டுப் பாருங்கள் என்றேன், இடது கையைத் தட்டுவதையும் காட்டினேன். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற வாரம் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் போகலாம் என்று பேசியிருக்கிறோம், ஆளுக்குப் பாதிச் செலவு.

நேற்று சாயங்காலம் மாதர் சங்கத்திலிருந்து ஆறு பேர் வீட்டுக்கு வந்தார்கள், யாரும் சொல்லிவிட்டு வரவில்லை. வீட்டில் நாலு தம்ளர்தான். அப்பாவைச் சுற்றி உட்கார்ந்து பாடினார்கள். ஆரம்பித்த சுருதி ரொம்ப மேலே. அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார், அப்புறம் இடது கையைத் தூக்கி, பழைய நாளில் பாடகர் குழுவில் காட்டுவாரே அதே மாதிரி, இறக்கு இறக்கு என்று காட்டினார். மறுபடியும் இறக்கி ஆரம்பித்தோம். அப்போதுதான் அவர் குரல் சேர்ந்தது. செயலாளர் அக்கா பாதியில் பாட முடியாமல் மூக்கைச் சிந்திக்கொண்டு சமையல்கட்டுக்குள் போய்விட்டார்கள்.

பயிற்சி ஒரு வாரம் ஆயிற்று. இன்றைக்குக் காலையில் நான் நிறுத்தினதும் அவரே ‘வே-ணும்’ என்று முடித்தார். சாயங்காலம் நான் ஆரம்பிக்காமலேயே தொடையில் தட்டி ‘தண்-ணி வே-ணும்’ என்று முழுசாகப் பாடினார். ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன். தள்ளிவிட்டார். மறுபடியும் தண்ணி வேணும் என்கிறார், மறுபடியும் தள்ளுகிறார். அரைமணி நேரம் கழித்துத்தான் புரிந்தது, அவருக்கு வேண்டியது காபி.

இயன்முறை_புதுவை
அடுத்த செவ்வாய், இரவு 10.22

கா-பி. இரண்டே அசை, மேலே ஒன்று, கீழே ஒன்று. நாளைக் காலையிலிருந்து ஆரம்பித்துவிடுங்கள். சர்க்கரை கம்மியாகப் போடுங்கள்.

ஜெபவீரன்_கடலூர்
அடுத்த செவ்வாய், இரவு 11.55

நண்பனுக்குப் போன் செய்தேன். எடுக்கவில்லை. நாளைக்கு மறுபடியும் செய்வேன்.

சிஸ்டர், ஆட்டோ வேண்டாம், எனக்கு வியாழக்கிழமை வார விடுமுறை, அண்ணனிடம் ஆம்னி வேன் இருக்கிறது. எத்தனை மணிக்கு வரட்டும்?